கடல் கடந்து ஒரு வாடகை வீடு
படிக்கப்போகும் பிள்ளைகளுக்கும், அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும்



சபையில் வாசிக்கப்படும் ஜெப விண்ணப்பங்களில் சமீப ஆண்டுகளாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. சுகத்துக்காகவும், வேலைக்காகவும், திருமணக் காரியங்களுக்காகவும் வருகிற விண்ணப்பங்களோடு, "மகனுக்கு இங்கிலாந்தில் தங்க வீடு கிடைக்கவேண்டும்" என்கிற சீட்டும் வருகிறது. மர்பி டவுனில் ஜூன், ஜூலை மாதங்களில் இது அதிகம். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும்; விசா வந்துவிட்டது; விமானச் சீட்டும் எடுத்தாயிற்று; தலைசாய்க்க இடம் மாத்திரம் இல்லை. ஜெபிக்கிறோம். ஜெபத்தோடு சேர்த்து அறிந்திருக்கவேண்டிய சில காரியங்களும் உண்டு. அவற்றை அறியாததினால் விசுவாசக் குடும்பங்கள் பணத்தையும் சமாதானத்தையும் இழப்பதைக் காண்கிறபடியால் இதை எழுதுகிறேன்.

நம்முடைய சபைகளில் இருக்கிற பெரியவர்கள் அநேகர் தாங்களே இடம் பெயர்ந்து வந்தவர்கள். வேலூர், திருப்பத்தூர், தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் உண்டு. 2001-ல் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்ட பின்பு பிள்ளைகுட்டிகளோடு பெங்களூர் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு முதல் வீடு எப்படிக் கிடைத்தது என்று கேட்டுப்பாருங்கள். மாமா ஒருவர் இருந்தார், ஊர்க்காரர் ஒருவர் சொன்னார், சபையில் ஓர் அம்மா தன் வீட்டின் பின்கட்டைத் திறந்துகொடுத்தார் என்பார்கள். தெரிந்த மனுஷர் மூலமாகவே வீடு வந்தது. கையில் அட்வான்ஸ் கொடுத்தார்கள், சாவி வாங்கினார்கள். பிறகு வளர்ந்த ஊர்வழக்கையும் நாம் அறிவோம்: பத்து மாத வாடகை அட்வான்ஸ், பதினோரு மாத ஒப்பந்தம், காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகைப் பிடித்தம். அதிகப் பணம் முன்கூட்டிக் கொடுக்கிறவனுக்கே நல்ல வீடு என்பது நம் மனதில் பதிந்துபோன பாடம்.

இந்தப் பாடத்தோடு கடல் கடந்தால் ஆபத்து. அங்கே வீடு பார்ப்பது கைபேசியில். வீட்டுக்காரரின் முகம் தெரியாது. தெருவின் பெயர் வாயில் நுழையாது. ஆனாலும் "முதலில் பணம் போட்டவருக்கே அறை" என்று ஒருவர் சொன்னவுடன், பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய தகப்பனுக்கு அது விநோதமாகவே தோன்றுவதில்லை. இரண்டு மூன்று லட்சத்தை ஒரே நாளில் அனுப்பிவிடுகிறார்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. தாயின் நகை அடகுக்குப் போனது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நகரம். பல்கலைக்கழகத்துக்கு நடந்துபோகும் தூரம். மற்ற அறைகளைவிட வாடகை மூன்றில் ஒரு பங்கு குறைவு. வீட்டின் சொந்தக்காரர் தம்மை ஒரு கிறிஸ்தவ ஊழியர் என்றும், தாம் இப்போது வேறொரு தேசத்தில் மிஷனெரியாக இருப்பதால் வீட்டை நேரில் காட்ட இயலாது என்றும், பணம் வந்தவுடன் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் எழுதினார். கடிதத்தின் அடியில் ஒரு வேத வசனமும் இருந்தது! மூன்று மாத வாடகையும் வைப்புத்தொகையும் போயிற்று. பிள்ளை போய் இறங்கிக் கதவைத் தட்டியபோது, அந்த வீட்டில் இதைப்பற்றி ஒன்றும் அறியாத வேறொரு குடும்பம் குடியிருந்தது. அந்நகரத்துத் தமிழ் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி இரண்டு வாரம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் பணம் திரும்பவில்லை.

ஊழியர் என்றும், மருத்துவர் என்றும், வெளிநாட்டில் இருக்கிறேன் என்றும், சாவி தபாலில் வரும் என்றும் சொல்வது இந்த மோசக்காரர்களின் பழைய பாட்டு. பக்தியுள்ள பெற்றோரிடம் அது எளிதில் எடுபடுகிறது. மலிவான வாடகையைக் கண்டவுடன் "ஆண்டவர் கதவைத் திறந்தார்" என்று சாட்சி சொல்லிவிடுகிறோம். எல்லாத் திறந்த கதவும் அவர் திறந்ததல்ல. எந்த ஆவியையும் சோதித்தறியும்படி யோவான் எழுதியிருக்க (1 யோவான் 4:1), வீட்டுக்காரரின் வார்த்தையைச் சோதிப்பது அவிசுவாசம் ஆகுமா? பேதை எதையும் நம்புவான், விவேகி தன் நடையைக் கவனிப்பான் என்கிற பொருளில் நீதிமொழிகள் 14:15 பேசுகிறது. அது வாடகை வீட்டுக்கும் பொருந்தும்.

எரேமியாவின் மண்பாண்டம்

நம்மில் சிலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு: விசுவாசிக்கு விசுவாசி பத்திரம் எதற்கு, வாய்ச்சொல் போதாதா என்பார்கள். எரேமியா 32-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். நிலத்தை விற்றவன் அந்நியன் அல்ல, தகப்பனுடைய சகோதரன் மகன். வாங்கச் சொன்னவர் கர்த்தர். ஆனாலும் தீர்க்கதரிசி பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், பத்திரம் எழுதினார், சாட்சிகளை வைத்தார், முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று என இரண்டையும் மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னார். தேவன் தாமே சொன்ன கொள்முதலுக்கே இத்தனை காகிதம் இருந்தது. ஆபிரகாம் மக்பேலா நிலத்தை வாங்கியதும் ஏத்தின் புத்திரர் முன்பாக, எல்லையும் மரங்களும் குறிக்கப்பட்டே நடந்தது (ஆதியாகமம் 23).

இங்கிலாந்தில் சட்டமும் காகிதத்தின் பக்கமே நிற்கிறது. அது பிள்ளைகளுக்கு அனுகூலமானது. 2019 ஜூன் 1 முதல் நடைமுறையிலுள்ள வாடகைதாரர் கட்டணச் சட்டத்தின்படி, சாதாரண வாடகை வீட்டுக்கு வைப்புத்தொகை ஐந்து வார வாடகைக்கு மேற்படக் கூடாது. அறையைப் பிடித்துவைக்க வாங்கும் தொகை ஒரு வார வாடகைக்கு மேற்படக் கூடாது. வாரத்துக்கு 150 பவுண்டு வாடகை என்றால் வைப்புத்தொகை 750 பவுண்டு, பிடித்துவைக்கும் தொகை 150 பவுண்டு. அதற்கு மேல் கேட்டால் கேட்கிறவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். அந்த வைப்புத்தொகையும் வீட்டுக்காரரின் பையில் தங்கக் கூடாது. 2007 ஏப்ரல் முதல் அரசு அங்கீகரித்த காப்புத் திட்டம் ஒன்றில் அது சேர்க்கப்படவேண்டும்; இப்போதைய விதிப்படி 30 நாட்களுக்குள் சேர்த்து, விவரத்தைக் குடியிருப்பவருக்கு எழுத்தில் தரவேண்டும். தவறினால், அத்தொகையைப்போல் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை செலுத்தும்படி நீதிமன்றம் வீட்டுக்காரருக்குக் கட்டளையிடலாம். பெங்களூரில் அட்வான்ஸைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் நடந்தவர்களுக்கு இது ஆச்சரியமாயிருக்கும்.

ஆறு மாதம், ஒரு வருஷ வாடகையை முன்னதாகக் கட்டச்சொல்லும் வழக்கம் அயல்நாட்டு மாணவர்களை வெகுவாக வாட்டியது. 2025 அக்டோபர் 27-ல் அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம் இதைத் தொடுகிறது. 2026 மே 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட அதன் விதிகளின்படி, ஒப்பந்தம் கையொப்பமாகும் முன் வாடகை வாங்கக் கூடாது. கையொப்பமான பின்பும் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணமாகக் கேட்கக் கூடாது. பல்கலைக்கழக விடுதிகளுக்கும், மாணவருக்கென்றே கட்டப்பட்ட அங்கீகாரம் பெற்ற விடுதிகளுக்கும் வேறு விதிகள் உண்டு. இவையெல்லாம் இங்கிலாந்துக்குரியவை, ஸ்காட்லாந்துக்கு வேறு சட்டம்.

இங்கே ஒரு காரியத்தை அழுத்திச் சொல்லவேண்டும். வீட்டுக்காரர் தாமும் அதே வீட்டில் குடியிருந்து, ஓர் அறையை மாத்திரம் பிள்ளைக்குக் கொடுத்தால், பிள்ளை சட்டப்படி வாடகைதாரர் அல்ல, உடன்தங்குபவர். வைப்புத்தொகையைக் காப்புத் திட்டத்தில் சேர்க்கும் கட்டாயம் அங்கே இல்லை. நியாயமான முன்னறிவிப்பு கொடுத்து, நீதிமன்றம் போகாமலே வெளியேறச் சொல்லலாம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் போய்ச் சேருவது இத்தகைய அறைகளில்தான், அதுவும் தமிழர் வீடுகளில். அது தவறல்ல, சாம்பார் வாசனையும் தமிழ்ப் பேச்சும் முதல் மாதத்தில் பெரிய ஆறுதல். ஆனால் தமிழர் வீடு, விசுவாசி வீடு என்பதற்காகவே வாடகை எவ்வளவு, மின்சாரமும் எரிவாயுவும் அதில் அடங்குமா, எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவற்றை எழுதாமல் விடுவது சரியல்ல. ஒரு மின்னஞ்சலாகிலும் இருக்கட்டும். எழுதாத இடத்தில்தான் சகோதர சிநேகம் முதலில் கெடுகிறது.

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் தமிழர் நிறைந்த பகுதி. அது நியூஹாம் நகராட்சிக்குள் வருகிறது. வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் உரிமம் பெறவேண்டும் என்று நகராட்சி எல்லை முழுவதற்கும் 2013 ஜனவரியில் முதன்முதலாகக் கட்டாயமாக்கியது அந்த நகராட்சியே. நெருக்கடியான அறைகளும் தோட்டத்துக் கொட்டகையில் ஆட்களைத் தங்கவைத்ததும் அதற்குக் காரணங்கள். குடும்ப உறவில்லாத ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ ஒரே வீட்டில் சமையலறையைப் பகிர்ந்து வாழ்ந்தால், இங்கிலாந்து முழுவதிலுமே உரிமம் தேவை. அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்கும், இருவர் உறங்கும் அறை 10.22 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது. நம் கணக்கில் முறையே ஏறக்குறைய 70, 110 சதுர அடி. மர்பி டவுனில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வளர்ந்த குடும்பங்கள் உண்டே, இது பெரிதா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்! குளிர்காலத்தில் ஜன்னல் திறக்காத அறையில் நால்வர் ஈரத்துணியை உலர்த்தினால் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். இருமல் பிடித்தால் விடாது.

பிணைப்படுதல்

இங்கிலாந்தில் வீடு கேட்டுப் போகிற மாணவரிடம் பெரும்பாலும் கேட்கப்படுவது, அந்நாட்டிலேயே வசிக்கிற, வருமானமுள்ள ஒரு பிணையாளி. மாணவர் வாடகை கட்டாவிட்டால் அவர் கட்டவேண்டும். நமக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? அங்குள்ள தமிழ்ச் சபைப் போதகரை நினைக்கிறோம். "ஐயா, ஒரு கையெழுத்துதானே" என்று இங்கிருந்து பெற்றோர் தொலைபேசியில் கெஞ்சுகிறார்கள்.

அது ஒரு கையெழுத்து மாத்திரம் அல்ல. நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் வீடெடுத்தால், வாடகை முழுவதற்கும் நால்வரும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. ஒருவன் படிப்பை விட்டுப் போனால் அவன் பங்கு மற்ற மூவர் தலையில் விழும். பிணைப் பத்திரத்தில் வரம்பு எழுதப்படாவிட்டால், ஒரு பிள்ளைக்காகக் கையெழுத்திட்டவர் முகமறியாத மற்றவர்களுடைய பாக்கிக்கும் பதில் சொல்ல நேரிடும். அயலானுக்காகப் பிணைப்பட்டு வாயின் மொழியால் அகப்பட்டவனைக் குறித்து நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் எச்சரிக்கிறது. படுக்கையையும் பறிகொடுக்க நேரிடும் என்று 22-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. யூதா பென்யமீனுக்காகப் பிணைப்பட்டதும், பவுல் ஒநேசிமுவின் கடனைத் தன் கணக்கில் எழுதச் சொன்னதும் வேதத்தில் இருக்கிறது. அவர்கள் யாருக்காக, எதற்காக என்று அறிந்து, தாங்களே முன்வந்தவர்கள். ஒருவரும் அவர்களை நெருக்கவில்லை. ஆகையால் அங்குள்ள ஊழியரைச் சங்கடத்தில் மாட்டாதிருங்கள். சில பல்கலைக்கழகங்கள் தாங்களே மாணவருக்குப் பிணை நிற்கும் திட்டம் வைத்திருக்கின்றன. முதலில் அதை விசாரிக்கவேண்டும். முதலாண்டில் பல்கலைக்கழக விடுதியே நல்லது என்பது என் தீர்மானமான எண்ணம். வாடகை சற்று அதிகம்தான். அங்கே பிணையாளி தேட வேண்டியதில்லை. வீடு இருக்கிறதா என்று பயப்படவும் வேண்டியதில்லை. குறித்த தேதிக்குள் விண்ணப்பிக்கிற புதிய மாணவருக்கு அறை உறுதி என்று பல பல்கலைக்கழகங்கள் சொல்லுகின்றன. நம்மவர்கள் அந்தத் தேதியைத் தவறவிட்டுவிட்டே கைபேசியில் வீடு தேடுகிறார்கள்.

சேலத்து மனுஷர் செய்தது

இந்தப் பாடு நம் காலத்தில் தோன்றியதல்ல. 1888-ல் சட்டம் படிக்கப்போன காந்தியடிகள், செலவு தாங்காமல் லண்டனில் ஒற்றை அறைக்கு மாறித் தாமே சமைத்துக்கொண்டதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கணிதமேதை இராமானுஜன் 1914 ஏப்ரலில் போய் இறங்கியபோது அவரை எதிர்கொண்டு அழைத்துப் போனவர் நெவில் என்கிற ஆசிரியர். கேம்பிரிட்ஜில் முதல் வாரங்களை இராமானுஜன் அவருடைய வீட்டிலேயே கழித்தார். அப்படி ஒருவர் கிடைக்காத மாணவர்கள் அநேகர். நிறத்தைப் பார்த்து அறை மறுப்பது அக்காலத்தில் சாதாரணம். பிரிட்டனில் வீட்டு விஷயத்தில் அவ்வேற்றுமையைச் சட்டம் தடுத்ததே 1968-ல்தான்.

இந்த நிலையில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் எழும்பினார். சேலத்தில் 1876-ல் பிறந்த கே. டி. பால், இந்தியாவின் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்துக்கு முதல் இந்தியப் பொதுச் செயலாளர். 1905-ல் தேசிய மிஷனெரி சங்கம் உண்டானபோது அசரியாவோடு உழைத்தவர். அவருடைய முயற்சியால் 1920-ல் லண்டனில் இந்திய மாணவர்களுக்கென ஓர் ஐக்கியமும் விடுதியும் தொடங்கின. முதல் இடம், யுத்தகாலத்தில் நியூசிலாந்துப் போர்வீரர்கள் தங்கியிருந்த ஒரு மரக்கட்டடம்; பின்பு கோவர் தெரு. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுக்கு அது இரையானது. போருக்குப் பின் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் எழுந்த கட்டடத்தில் இந்திய ஒய்.எம்.சி.ஏ. இன்றும் நடக்கிறது. கிறிஸ்தவ மாணவர்களுக்கு மாத்திரம் என்று அதன் கதவு வைக்கப்படவில்லை. அவர் பெந்தெகொஸ்தேகாரர் அல்ல என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கட்டும், அந்நியரை உபசரித்தவர் யார் என்பதே இங்கே கேள்வி.

விடுதி கட்ட நம்மால் ஆகாது. ஆனால் கண்களைக் கொடுக்க ஆகும். மர்பி டவுனிலிருந்து ஒரு பிள்ளை லெஸ்டருக்கோ கவென்ட்ரிக்கோ போகுமானால், பணம் அனுப்புவதற்கு முன்னே அந்த ஊரிலுள்ள ஐக்கியத்துக்கு இங்கிருந்து போதகர் ஒரு கடிதம் எழுதலாம்: இந்த முகவரியை ஒருவர் நேரில் போய்ப் பார்த்துச் சொல்லக் கூடுமா? பிணையும் வேண்டாம், பணமும் வேண்டாம். அரைமணி நேரம் போதும். அப்படி ஆள் இல்லாத ஊரானால், முதல் இரண்டு வாரத்துக்கு மாத்திரம் விடுதி அறை எடுத்துக்கொண்டு, பிள்ளை தானே போய்ப் பார்த்து வீடு முடிவு செய்யட்டும். வீட்டின் உரிமையாளர் பெயரை அரசின் நிலப்பதிவு அலுவலகத்தில் 7 பவுண்டு கட்டி யாரும் பார்க்கலாம். ஒப்பந்தத்தைக் கையொப்பமிடும் முன் பல்கலைக்கழக வீட்டுவசதி அலுவலகத்திலோ மாணவர் சங்கத்திலோ காட்டினால், பெரும்பாலும் இலவசமாகப் படித்துச் சொல்லுவார்கள்.

இன்னும் சில சிறு காரியங்கள். அங்கே வாடகையை வாரக் கணக்கில் சொல்லுவார்கள். வாரம் 150 என்றால் மாதம் 600 என்று நாலால் பெருக்கிவிடுகிறோம். வருஷத்துக்கு 52 வாரம். மாதம் 650 வரும். முழுநேர மாணவருக்கு நகராட்சி வரி இல்லை. பல்கலைக்கழகத்தில் சான்று வாங்கிக் காட்டவேண்டும். இங்கிலாந்தில் 2016 முதல், வீடு கொடுப்பவர் குடிவருகிறவருடைய குடியிருப்பு உரிமையைப் பரிசோதிக்கவேண்டும். விசாவைக் காட்டும் இணையக் குறியீட்டை அரசு தளத்தில் பிள்ளையே எடுத்துக் கொடுக்கலாம். சூனேமியாள் எலிசாவுக்கு ஆயத்தம்பண்ணின அறையில் கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு இருந்தனவென்று வேதம் ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லுகிறது (2 இராஜாக்கள் 4:10). பிள்ளையும் குடிபோகிற நாளிலேயே அறையிலுள்ள ஒவ்வொன்றையும், சுவரின் கறையையும், மெத்தையின் கிழிசலையும் படம் பிடித்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பட்டும். ஜெபத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை: அங்கே அறைக்கும் அறைக்கும் நடுவே மெல்லிய பலகைச் சுவர். அதிகாலை நாலு மணிக்கு உரத்த சத்தமாய் ஜெபித்தால் பக்கத்து அறைக்காரர் முறையிடுவார், ஒப்பந்தமும் அவர் பக்கம் நிற்கும். அன்னாள் உதடுகளை மாத்திரம் அசைத்தாள், கேட்கப்பட்டாள்.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்குச் சட்டம் வேறு. அங்கே வைப்புத்தொகை மூன்று மாத அடிப்படை வாடகை வரை போகலாம், ஆனால் மூன்று தவணையாகக் கட்டும் உரிமை உண்டு. குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்யவேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் எழுத்துச் சான்று தேவை. சான்று தரமாட்டேன் என்கிற வீட்டை எடுக்காதீர்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கடைசி மாத வாடகையை முன்வைப்பாக வாங்கலாமேயன்றி, சேதத்துக்கென்று தனி வைப்பு வாங்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

படிப்பு முடிந்து திரும்புகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. இங்கிலாந்தில் வைப்புத்தொகை எவ்வளவு திரும்பவேண்டும் என்று இருசாராரும் ஒத்துக்கொண்ட பின் பத்து நாட்களுக்குள் அது வந்து சேரவேண்டும். சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடித்தம் கூடாது. வெள்ளையடிப்புக்கென்று தானாக ஒரு மாத வாடகை போவதும் அங்கே இல்லை. பிடித்தத்தில் தகராறு வந்தால் காப்புத் திட்டமே இலவசமாக விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். குடிபோன நாளில் எடுத்த படங்கள் அப்பொழுது பேசும். ஆனால் பிள்ளைகளில் சிலர் ஊர் திரும்பும் அவசரத்தில், அந்தப் பணம் வருவதற்கு முன்னே அங்குள்ள வங்கிக் கணக்கை மூடிவிடுகிறார்கள். பணம் கைக்கு வரும்வரை அந்தக் கணக்கு திறந்தே இருக்கட்டும்.